ஏரிக்கரை முகாமில் ஓர் இடம்

எங்கள் ஊரில் கோடை விடுமுறை பிப்ரவரியிலேயே தொடங்கிவிடும். வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி கிடக்கும். பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் காலை ஏழு மணிக்குக் கணினி முன்னால் உட்கார்ந்து ஜூலை மாதப் பிள்ளைகள் முகாம்களுக்குப் பெயர் பதிவு செய்வோம். ஏழரைக்குள் எல்லாம் நிரம்பிவிடும். பள்ளிக்கூடம் பத்து வாரம் மூடிக்கிடக்கும். வேலைக்குப் போகிறவள் அந்தப் பத்து வாரத்தையும் எதையாவது வைத்து அடைத்தாக வேண்டும்.

எனக்கு இரண்டு பேர். டெஸ்ஸாவுக்குப் பதினொன்று, எம்மெட்டுக்கு எட்டு. விவாகரத்தின்போது நீதிபதி தெளிவாகச் சொன்னார்: இருவருக்கும் பத்து வார ஏற்பாட்டையும் எழுதித் தர வேண்டும், ஒரு வாரம் காலியாக இருந்தாலும் கோடை முழுவதும் பிள்ளைகள் அப்பாவிடம். அந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். நாய் நக்கிய தட்டை அவருடைய புது மனைவி துணியால் துடைத்துவிட்டு, அதிலேயே பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிறாள். நான் பல் மருத்துவரிடம் பல் சுத்தம் செய்கிற வேலை பார்ப்பவள். அழுக்கைக் கண்டால் எனக்குக் குமட்டும்.

எட்டு வாரத்தை அடைத்துவிட்டேன். மிச்சம் இரண்டு வாரம், பிள்ளைகள் அங்கேயே தங்குகிற ஏரிக்கரை முகாம். டெஸ்ஸாவுக்கு இடம் கிடைத்தது. எம்மெட் காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள். யாராவது ஒரு பையன் விலகினால் போதும். ஒருவனும் விலகவில்லை. நீதிபதிக்குக் கொடுத்த காகிதத்தில், இடம் கிடைத்துவிட்டதாகவே எழுதியிருந்தேன்.

பள்ளி மூடும் வாரத்தில் எம்மெட்டின் வகுப்பில் பேன் பரவியது. அவன் தலையைச் சீவி, வந்ததை வெள்ளைக் காகிதத்தில் தட்டினேன். கொழுத்து, கால் உதறிக்கொண்டு, பார்க்கவே சகிக்கவில்லை. கழிப்பறையில் கொட்டப்போகும்போதுதான் முகாமின் விதி நினைவுக்கு வந்தது. சேரும் நாளில் வாசலிலேயே நர்ஸ் ஒவ்வொரு தலையையும் பிரித்துப் பார்ப்பார். ஓர் ஈர் இருந்தாலும் அந்தப் பிள்ளை வந்த வண்டியிலேயே திரும்ப வேண்டியதுதான். அவனுடைய இடம் பட்டியலில் முதல் ஆளுக்கு.

தலையை விட்டு இறங்கினால் பேன் இரண்டு நாளில் செத்துவிடும். அதனால் ஐந்தை என் தலையில் விட்டுக்கொண்டேன்.

வேலையில் தொப்பி போடுவதால் யாருக்கும் தெரியவில்லை. காதுக்குப் பின்னால் அவை ஊரும்போது வாந்தி வரும், அடக்கிக்கொள்வேன். அவை என் தலையில் இருந்த மூன்று வாரமும் பிள்ளைகளைக் கிட்டே சேர்க்கவில்லை. எம்மெட் மடியில் ஏற வந்தான், தள்ளிவிட்டேன். ஒரு தாய் பட்ட அந்தக் கஷ்டத்தை யாரும் கேட்கப்போவதில்லை.

டார்லீன் எங்கள் தெரு. முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. அவள் மகன் மைலோவுக்கு ஒன்பது வயது. எம்மெட் சேர வேண்டிய குழுவில்தான் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. நீச்சல் வகுப்பிலிருந்து இரண்டு பையன்களையும் நான்தான் அழைத்து வருவேன். முகாமுக்குப் பத்து நாள் இருக்கையில், எம்மெட்டை முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டு, பின் சீட்டில் மைலோவுக்கு பெல்ட் மாட்டுகிற சாக்கில் அவன் தலையில் மூன்றை விட்டேன். ஈர் வைக்க அத்தனை நாள் வேண்டும்.

"தேங்க்ஸ், மிஸ் லோர்னா" என்றான். நல்ல பையன்.

அடுத்த வாரம் டார்லீன் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இந்த மைலோ எந்நேரமும் தலையப் பிறாண்டிக்கிட்டே கெடக்கான். இப்பத்தான் மூளை மொளைக்குதோ என்னமோ."

"குளத்துல குளோரின் ஜாஸ்தி. வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

முகாம் வாசலில் நர்ஸ் கையுறையோடு மைலோவைத் தனியே நிறுத்தியபோது, மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். நானும் இழுத்துக்கொண்டேன். அன்று மதியமே எம்மெட் உள்ளே போய்விட்டான். நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி, ஆபீசர். இடமே கிடைக்காத பையனின் பெட்டி, சட்டைக்குச் சட்டை பெயர் தைத்து, என் காரில் எப்படித் தயாராக இருந்தது? நான் எதையும் முன்கூட்டியே செய்துவிடுகிறவள். அது ஒன்றுதான் என் குறை.

செவ்வாய்க்கிழமை டார்லீன் மைலோவைக் கூட்டிக்கொண்டு என் வாசலில் நின்றாள். நான் அந்த வாரம் விடுப்பில் இருந்தேன்.

"லோர்னா, ரெண்டு நாள் லீவு போட்டுட்டேன். இனியும் போட்டா வேலைய விட்டுத் தூக்கிருவாங்க. நாளைக்கும் நாளன்னைக்கும் மட்டும் இவன வச்சுக்கோயேன். ஒன் வீடு சும்மாத்தானே கெடக்கு."

"பேன் தலையோட எப்பிடி டார்லீன்? எனக்கு ஒடம்பெல்லாம் கூசுது."

"ரெண்டு நாளா சீப்பும் கையுமாத்தான்டி இருக்கேன். ஒண்ணுகூட இல்ல, சத்தியமா. நீயே பாரேன்."

மைலோ தலையைக் குனிந்து காட்டினான். நான் பார்க்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, அவன் தொட்ட கைப்பிடியை மருந்து போட்டுத் துடைத்தேன்.

புதன்கிழமை அவனைத் தனியே விட்டுவிட்டு அவள் வேலைக்குப் போனாள். பின்வீட்டில் தரைக்கு மேலே நிற்கிற நீச்சல் குளம், ஏறும் ஏணியை எடுக்காமல் விட்டிருந்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு அவனை வெளியே எடுத்தார்கள். பிள்ளையைத் தனியே விட்டதற்காக டார்லீன் மேல் வழக்குப் போடப்போகிறீர்கள். பேன் பிடித்த வீட்டில் வேறு என்ன நடக்கும் என்று ஊர் பேசுகிறது. நானும் ஒன்றிரண்டு இடத்தில் அப்படித்தான் சொன்னேன்.

நேற்று அவனைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். டார்லீன் என் கையைப் பிடித்து, "அவனுக்கு ஒரு முத்தம் குடு லோர்னா, ஒன்ன அவனுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றாள். குனிந்து, யாருக்கும் தெரியாமல், காதுக்குப் பின்னால் முடியை விலக்கிப் பார்த்தேன். ஓர் ஈர்கூட இல்லை. அவ்வளவு சுத்தமாக எடுத்திருந்தாள்.

அதற்குப் பிறகுதான் முத்தமிட்டேன்.