தேரா தேஜிக்கு ரெண்டு நாள் ஜாஸ்தி

எனக்குத் தேதி ஞாபகமே இருக்காது ஷபீ பாய். எங்கம்மா எந்த மாசம் பொறந்தாங்கன்னு கேட்டாக்கூட முழிப்பேன். அதனாலதான் கம்ப்யூட்டர்ல கை வெச்சது யாருன்னு நீங்க கத்தினப்ப, ஆபீஸ்ல ஒருத்தரும் என் பக்கம் திரும்பல. நான்தான் பாய். உக்காருங்க, சொல்றேன்.

ஆரம்பிச்சதே நீங்கதான். "தபரேஸ், கம்ப்யூட்டர் ஸ்க்ரீன்ல மணிக்குக் கீழே இங்கிலீஷ் தேதி மட்டும் வருது, நம்ம பிறைக் கணக்கும் தெரியற மாதிரி பண்ணேன்"னு கேட்டீங்க. சின்ன சாஃப்ட்வேர்தான், கையோட போட்டுக் கொடுத்தேன். ஓரத்துல மணியைத் தொட்டா மாசம் பூரா விரியும். ஷூ கம்பெனி மொத்தத்தையும் கூப்பிட்டுக் காட்டினீங்க. பிறை ஊருக்கு ஊர் முன்னப்பின்ன ஆகுமில்ல, அதுக்காக ரெண்டு நாள் வரைக்கும் தள்ளி வெச்சுக்கற வசதி அதுல இருக்கு. நான் அதைத் தொடவே இல்ல. அப்போ.

அப்புறம் உங்க பையன் ரிஹானுக்கு நம்ம சாம்பிள் செக்ஷன் மெஹக்கைப் பொண்ணு கேட்டீங்க. ஞாயித்துக்கிழமை பேரணாம்பட்டுல அவ வீட்டுக்குப் போய் பேச்சை முடிக்கறதுன்னு ஏற்பாடு. "வர்றாங்களாம்"னு அவ எங்கிட்ட சொல்றப்பவே முகம் சிவந்துபோச்சு. பாவம், பயம். ரிஹான் போன் பண்ணா சிரிச்சு சிரிச்சுப் பேசுவா. மரியாதை தெரிஞ்ச பொண்ணு, வேற இன்னா செய்வா? புடிச்சிருக்கான்னு நான் கேக்கல. பொண்ணுங்களை அப்படிச் சங்கடப்படுத்தறது எனக்கு ஆகாது.

அந்த ஞாயிறு, சஃபர் மாசம் பதினாலு. மாசத்தோட மொதல் பதிமூணு நாள் ஆகாதுன்னு சொல்ற தேரா தேஜி முடிஞ்ச மறுநாள். அந்தப் பதிமூணு நாள்ல உங்க வீட்டம்மா நல்ல காரியத்துக்கு வாசப்படி தாண்டமாட்டாங்க. இதெல்லாம் மார்க்கத்துலயே இல்லன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் பயான்ல தொண்டை கிழியச் சொன்னார், கேட்டாங்களா?

சனிக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டர்ல பிறைத் தேதியை ரெண்டு நாள் பின்னால தள்ளினேன். அவ்ளோதான். ஞாயிறு பன்னெண்டுன்னு வந்துச்சு. மாசாமாசம் உங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டறதுக்கு நான்தானே பிரிண்ட் தர்றேன். "பிறைத் திருத்தம் வந்திருக்கு பாய், பழைய தாளைக் கிழிச்சிடுங்க"ன்னு புதுசா ஒண்ணு எடுத்துக் கொடுத்தேன். பிறைன்னா திருத்தம் வர்றது நமக்குப் புதுசா என்ன? நீங்க தாங்க்ஸ் வேற சொன்னீங்க.

காலைல வண்டி வாசல்ல நிக்குது. உங்க வீட்டம்மா ஃப்ரிட்ஜைப் பார்த்துட்டு பர்தாவைக் கழட்டிட்டாங்க. அடுத்த வாரம் வர்றோம், தேரா தேஜி முடியலன்னு நீங்க போன் போட்டீங்க. அங்க அம்பது பேருக்கு பிரியாணி தம்ல இருக்கு. "பேரணாம்பட்டுல முடிஞ்ச தேரா தேஜி ஆம்பூர்ல மட்டும் முடியலையா? பொண்ணு வேணாம்னா நேரா சொல்லுங்க"ன்னு மெஹக்கோட அப்பா அஹமது பாஷா போனை வெச்சாராம். அதோட சம்பந்தம் போச்சு. அவரோட கோவத்துக்கு நான் எப்படிப் பொறுப்பு?

மூணு நாள் மெஹக் வேலைக்கு வரல. வந்தப்ப கண்ணு வீங்கி இருந்துச்சு. "நாங்க இன்னா பாவம் பண்ணோம் தபரேஸ் பாய்"னு கேட்டா. தப்பிச்ச நிம்மதியைக் கூடப் பொண்ணுங்க அழுதுதான் தீர்ப்பாங்க. நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

இதுல எனக்குன்னு ஒண்ணும் இல்ல பாய். அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும், அது போதும். காலண்டரைத் திங்கக்கிழமையே சரி பண்ணிட்டேன். வர்ற ஞாயிறு எங்கம்மா பேரணாம்பட்டு போறாங்க, சும்மா ஆறுதல் சொல்லத்தான். கையில கொஞ்சம் ஸ்வீட் இருக்கும். வெறுங்கையோட போவாங்களா?

என் கல்யாண ஷெர்வானி விஷயத்தை டெய்லர் உங்ககிட்ட உளறியிருப்பான். உண்மைதான். பக்ரீத் முடிஞ்ச வாரம், வியாழக்கிழமை, அளவு கொடுத்தேன். அப்போ உங்க ரிஹான் பேச்சே கிளம்பல. அந்தத் தேதி மட்டும் எப்படியோ ஞாபகம் இருக்கு பாய்.