இடப்பக்கம் நான், வலப்பக்கம் அவள்

இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்க்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. சட்டைக்கு அது சரி. துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வைக்கு ஆகாது. இழுத்தால் துணி நீண்டு சதுரம் கோணிவிடும். வைக்க வேண்டும், அழுத்த வேண்டும், நேராகத் தூக்க வேண்டும். உங்கள் சீருடையின் கை மடிப்பைப் பார்த்தாலே யாரோ அவசரத்தில் இழுத்திருப்பது தெரிகிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் மேடம், தொழில் புத்தி.

என் தங்கையின் கையைப் பற்றித்தானே கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மா போன பிறகு அவளைப் பொத்திப் பொத்தி வளர்த்தவள் நான். தெருவைப் பார்த்த முன்னறையில் ஜன்னலோரமாகத் தையல் மிஷின், நடுவில் இஸ்திரி மேசை. சதுரங்களை வரிசையாகத் தைத்தால் ஒவ்வொரு தையலின் பின்பக்கமும் துணி ஓரம் மேடாக நிற்கும். அதை ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்துவோம். ஒரு வரிசையில் இடப்பக்கம் சாய்த்தால் அடுத்த வரிசையில் வலப்பக்கம். அப்போதுதான் இரண்டு வரிசையையும் முகத்தோடு முகம் வைக்கும்போது மேடும் மேடும் முட்டி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். விரலால் தடவினாலே தெரிந்துவிடும். நான்கு மூலைகளும் நூல் பிடித்தாற்போல் சேரும். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அந்த இடம் தடித்துப்போய் மூலை விலகிவிடும்.

இடப்பக்கம் எப்போதும் நான், வலப்பக்கம் அவள். பேசி வைத்த ஏற்பாடு இல்லை, அப்படியே பழகிவிட்டது. போர்வை வாங்க வருகிறவர்கள், "அக்காவும் தங்கச்சியும் நகமும் சதையும் மாதிரி" என்பார்கள். அதைக் கேட்கும்போது எனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று இருக்கும்.

பிறகு லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன் வந்தான். எதிர் அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றுபோனால் இவன் வருவான். இவன் வந்தால் என் தங்கை ஜன்னலுக்கு வருவாள். அந்த லிஃப்ட் அவ்வளவு அடிக்கடி ஏன் நின்றது என்பதை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். நல்லவன்தான், குறை சொல்ல மாட்டேன். மரியாதையாக வந்து பெண் கேட்டான். வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, கல்யாணம் முடிந்ததும் அழைத்துப் போகிறேன் என்றான். காபி போட்டுக் கொடுத்தேன். சம்மதமும் சொன்னேன்.

அன்றிலிருந்து அவள் கை மாறிப்போனது. ஒரு குழந்தைப் போர்வையில் அவள் தனியாகத் தைத்த எல்லா வரிசைகளும் இடப்பக்கமே சாய்ந்திருந்தன. ஒரு மூலைகூடச் சேரவில்லை. என்னடி இது என்று கேட்டேன்.

"இனிமே நீ தனியாத்தானே தைக்கணும்க்கா. ஒரே ஆளே ரெண்டு பக்கமும் சாய்க்க முடியுதான்னு பார்த்தேன். பக்கம் குழம்பிட்டேன்."

"முடியாதுடி."

"ஏன் முடியாது? பழகிக்கலாம். இஸ்திரிப் பெட்டிதானே, ராக்கெட்டா?"

சிரித்தாள். அந்தப் போர்வையை முழுவதும் பிரித்தேன். பிரிக்கும்போது கோபமே இல்லை, பயம்தான் இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ஆளில்லாமல் அந்த அறை எப்படி இருக்கும் என்கிற பயம்.

நிதானமாக யோசித்தேன். நான் தடுத்தால் கெட்ட பெயர் எனக்கு. அவனே வேண்டாம் என்று போய்விட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. அவனுடைய அம்மா முதல் தடவை வந்தபோது என் தங்கையின் கையைத்தான் பிடித்துப் பார்த்தாள். "என்ன அழகான விரல்" என்றாள். அது எனக்கு மறக்கவில்லை.

பஞ்சுத் தூசி பட்டால் அவளுக்கு ஓயாமல் தும்மல் வரும். அதற்கான மாத்திரை போட்டால் தூக்கம் வரும். அன்று மத்தியானம் நான்தான் கொடுத்தேன், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக. மேசையிலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். வலது கை என் பக்கமாக நீண்டிருந்தது. கன்னத்தில் ஒரு நூல் ஒட்டியிருந்தது, எடுத்துவிட்டேன். பெட்டியில் பருத்தித் துணிக்கு வைக்கிற சூடுதான் இருந்தது. அதற்கு மேல் ஏற்றவில்லை. குண்டூசி குத்துவதற்கு முன் மூலை நகராமல் பிடிப்பதுபோல அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

வைத்தேன். அழுத்தினேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த பிறகுதான் தூக்கினேன்.

தண்ணீர் ஊற்றியதும் நான்தான், வண்டி பிடித்ததும் நான்தான். ஆஸ்பத்திரியில், பெட்டி தவறி விழுந்துவிட்டது என்றேன். அவளும் தலையாட்டினாள். என்னை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டாக்டர்தான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்திருக்கிறார். சூடு பட்டால் யாராக இருந்தாலும் கையை உதறுவார்கள், காயம் இழுபட்டு ஓரம் கலைந்திருக்கும். இது பெட்டியின் வடிவம் அப்படியே, ஓரம் பிசகாமல் பதிந்திருக்கிறது என்றாராமே. சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் இழுத்திருந்தால் நீங்கள் என்னை இங்கே அழைத்து வந்திருக்க மாட்டீர்கள். ஆனால் எனக்கு அப்படி வேலை செய்து பழக்கமில்லை.

தையலுக்கு அவள் வேண்டும் என்றால் தைக்கிற கையையே எதற்குச் சுட்டாய் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. இப்போது சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

நேற்று அவளைப் பார்க்கப் போனேன். அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "கையைப் பார்த்தா பொண்ணு கேட்டேன்? சொன்ன தேதியிலயே கல்யாணம் நடக்கட்டும்க்கா" என்றான். நடக்கட்டும் என்றேன். அவன் தண்ணீர் பிடிக்க வெளியே போனதும் அவள் தலையை வருடி, "அழாதடி, இன்னொரு கை இருக்குல்ல" என்றேன். ஆறுதலுக்குத்தான் சொன்னேன். அதன் பிறகுதான் அவள் நர்ஸைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாளாம். என்னை இனிமேல் உள்ளே விடக் கூடாது என்றாளாம்.

கூடப் பிறந்தவள் ஆறுதல் சொன்னதற்கு ஒரு பெண் ஏன் அப்படி நடுங்க வேண்டும்? எனக்கும் புரியவில்லை மேடம். அவளோடு என்னைக் கொஞ்ச நேரம் தனியாக விடுங்கள், நானே கேட்டுச் சொல்கிறேன்.