ஐந்தாவது கால்

எனக்குச் சாப்பாட்டில் பெரிய ஆசை என்றுமே இருந்ததில்லை, மணியக்காரரே. இருப்பதைப் போட்டால் தின்றுவிட்டு எழுந்துபோகிற ஆள். திருமுல்லைவாயலில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். நீங்கள் விசாரிக்க வந்திருக்கும் சமாசாரத்தைக் கேட்கிறவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்ளக்கூடும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உட்காருங்கள். என் தங்கை தாட்சாயிணி உங்களிடம் பிராது சொன்னது உண்மைதான். நான் அவளுக்குக் கல்யாணச் சீராக அனுப்பிய சீட்டாட்ட மேசையில் ஒரு கால் இல்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் பூந்தமல்லியில் ஒரு பட்டாளத்து டாக்டர் துரை சீமைக்குத் திரும்பியபோது ஏலத்தில் எடுத்த மேசை அது. பழைய ஜார்ஜ் ராஜாக்களில் யாரோ ஒருவர் காலத்துச் சாமான், நூறு வருஷத்துக்கு மேலாயிற்று என்று ஏலக்காரன் சொன்னான். மகோகனி மரம். கால்கள் முழங்காலில் புடைத்து, கணுக்காலில் ஒடுங்கி, கீழே பருந்து நகம் ஓர் உருண்டையைப் பற்றியிருப்பதுபோல் முடியும். மடித்துச் சுவரோரம் வைத்தால் பாதி மேசை. மேல்பலகையைப் புத்தகம்போல் விரித்தால் முழு மேசை. உள்ளே பச்சைப் பனாத்துத் துணி ஒட்டியிருக்கும், மூலைக்கு மூலை மெழுகுவத்தி வைக்க வட்டம், சூதாடுகிறவர்கள் காசு போட்டுக்கொள்ளக் குழி. அந்தக் குழிகளில் தாட்சாயிணி மஞ்சளும் குங்குமமும் வைத்தாள்.

விரித்த பலகையைத் தாங்கப் பின்னால் ஐந்தாவது கால் ஒன்று உண்டு. கதவைத் திறப்பதுபோல் அதை வெளியே இழுத்துவிட வேண்டும். இழுக்காவிட்டால் பாரம் ஏறியதும் மேசை அந்தப் பக்கம் குப்புறச் சாயும். இது எனக்கு முதலில் சத்தியமாகத் தெரியாது.

தரையில் பாய் போட்டு உட்கார்ந்து தட்டு மாற்றுவதுதான் நம் வழக்கம். கோவில்பதாகைக்காரர்கள் நிச்சயத்துக்கு வந்தபோது, துரை வீட்டு மேசைமேல் மாற்றினால் கௌரவமாக இருக்குமே என்று நினைத்தேன். வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காயோடு தட்டு ஏறியது. மேசை கவிழ்ந்தது. தேங்காய் வாசல்வரை உருண்டது.

"இன்னா நைனா இது, தட்டே கவுந்துபோச்சு. இந்த எடம் நமக்கு ஆவாது," என்று மாப்பிள்ளையின் தகப்பனார் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

எனக்கு மனசே உடைந்துவிட்டது. அன்று மத்தியானம் தாட்சாயிணி சுண்டவற்றல் குழம்பு வைத்திருந்தாள். என் மனைவி போய்ச்சேர்ந்த நாளிலிருந்து அவள் சமையல்தான். இரண்டு தரம் சோறு வாங்கிய பிறகு மனசு கொஞ்சம் தேறியது. மூன்றாம் தரம் வாங்கும்போது, எதற்கு அவசரப்பட்டு இவளை எவன் கையிலாவது பிடித்துக்கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. அண்ணன் என்றால் யோசிக்க வேண்டாமா?

அடுத்த வருஷம் அம்பத்தூரிலிருந்து வந்தார்கள். "வாங்க, வாங்க" என்று கும்பிட்டுக்கொண்டே என் காலால் மேசையின் காலை உள்ளே தள்ளிவிட்டேன். பையன் ரொம்ப நல்லவன். அவ்வளவு நல்லவர்களை நம்பக் கூடாது. அதற்கடுத்த வருஷம் ஆவடிக்காரர்கள். தேங்காய் மூன்று போதும் என்றார்கள், நான் ஏழு வைத்தேன். ஒன்று மாப்பிள்ளையின் தாயார் கட்டைவிரலில் விழுந்தது. நானே மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டேன். ராசியில்லாத பெண் என்று ஊர் பேசியது. தாட்சாயிணிக்கு இருபத்து மூன்று வயதாயிற்று. அவளுக்கு நான்தான் ஆறுதல் சொன்னேன். அவள் அழவில்லை, குழம்பிலும் குறை வைக்கவில்லை.

இந்த ஆவணியில் கள்ளிக்குப்பம் எத்திராஜ் வீட்டார் வந்தார்கள். காலை உள்ளே தள்ளிவிட்டு ஒன்பது தேங்காய் வைத்தேன். மேசை அசையவில்லை. குனிந்து பார்த்தால் கால் வெளியே நிற்கிறது. தாட்சாயிணி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"நாலு வருசமா அத்தத் தொடைக்கிறவ நானு. எனக்குத் தெரியாதா, அண்ணே? மின்ன வந்த மூணு பேரும் எனக்குப் புடிக்கல, சும்மா இருந்துட்டேன். இவரப் புடிச்சிகீது. அதான் கால இசுத்து உட்டேன்."

நான் அதிர்ந்துபோனேன், மணியக்காரரே. கூடப்பிறந்த அண்ணனை மூன்று வருஷம் ஏமாற்றியிருக்கிறாள்.

மாசக் கடைசியிலேயே கல்யாணம் முடிந்தது. மேசையைச் சீராகக் கேட்டாள், நானும் கொடுத்தேன். வண்டியில் ஏற்றுவதற்குமுன் ஐந்தாவது காலை மட்டும் ஆணியைத் தட்டிக் கழற்றி வைத்துக்கொண்டேன். கால் இல்லாவிட்டால் மேசையை விரிக்க முடியாது. விரிக்க முடியாவிட்டால் காலைத் தேடிக்கொண்டு வருவாள். காலையில் கிளம்பினால் பத்து மணிக்கு இங்கே வந்துவிடலாம். அது அடுப்பு மூட்டுகிற நேரம். வந்தவள் சும்மாவா உட்கார்ந்திருப்பாள்?

ஆனால் அவள் வரவில்லை, உங்களை அனுப்பியிருக்கிறாள்.

அந்தக் காலைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. போன வெள்ளிக்கிழமை நானே குழம்பு வைத்துப் பார்த்தேன். ஐப்பசி மழையில் விறகெல்லாம் நனைந்து கிடந்தது. மகோகனி நன்றாகவே எரிகிறது. உருண்டையைப் பிடித்திருந்த அந்த நகம்தான் வேக நேரமாயிற்று. சுண்டவற்றல் அகப்படாமல் கத்தரிக்காயைப் போட்டேன். வாயில் வைக்க விளங்கவில்லை.

எதையும் ஒளிக்கவில்லை. செய்ததெல்லாம் நான்தான், எல்லாம் அவள் நன்மைக்குத்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். கள்ளிக்குப்பம் போனால், நான் அவளை வரச்சொன்னதாகச் சொல்ல வேண்டாம். சுண்டவற்றல் எந்தப் பானையில் இருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.