நக்கோ மிஸ்

அல்வாலிலிருந்து செகந்திராபாத் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த மழலையர் பள்ளி ஆசிரியை தன் தோழியிடம் சொன்னார்:

“யூகேஜி பொண்ணு ஒருத்தி இன்னிக்கு என்னை எழுந்து போகச் சொல்லிட்டா. எனக்கு ஒரே சந்தோஷம்.”

“இதுல என்னடி சந்தோஷம்?”

“சாப்பாட்டுக்கு அப்புறம் ஆளுக்கொரு புத்தகம் எடுத்து அவங்களே பார்க்கட்டும்னு விடறேன்ல? இவ மட்டும் தொடவே மாட்டா. நான்தான் மடியில வெச்சுப் படிக்கணும், இல்லேன்னா அழுகை. ரொம்ப அவசரப்படுத்தறேனோன்னு எனக்கே பயமா இருந்தது. இன்னிக்கும் பக்கத்துல போய் உக்கார்ந்தேன். ‘நக்கோ மிஸ், வேணாம், நானே படிக்கிறேன், நீங்க போங்க’ன்னு புத்தகத்தை இழுத்துக்கிட்டா.”

தோழி சிரித்துவிட்டார். “எழுத்து தெரியுமா அவளுக்கு?”

“அவ பேர்ல இருக்கிற எழுத்து மட்டும் தெரியும். படத்தைப் பார்த்து அவளே சத்தமா கதை சொல்றா. புத்தகத்துல நரி பயந்து காட்டுக்குள்ள ஓடிப்போயிடும். இவ கதையில அது பசிக்குதுன்னு அம்மாகிட்ட போகுது.”

“நீ திருத்தலையா?”

“எதுக்குத் திருத்தணும்? தள்ளி உக்கார்ந்து கேட்டுக்கிட்டிருந்தேன். அந்த நரியம்மா என்ன சமைச்சு வெச்சிருக்கான்னு எனக்குத் தெரிய வேண்டாமா?”