மொபெட்டுக்கும் நன்றி

காப்பியோடு ஒரு பிஸ்கட் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று கொடுத்துவிட்டு டப்பாவை மூடிவிடுவது எங்கள் ஃப்ரீஸ்லாந்து வழக்கம். போலீஸ் வந்தாலும் அப்படித்தான். நீங்கள் தெற்குக்காரர், தப்பாக நினைக்காதீர்கள்.

ரென்ஸ்கேயைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். பதினோரு வருடம், வாரத்தில் நான்கு நாள், கடலணைப் பாதையில், அவளுடைய பந்தயப் பயிற்சிக்காக, அவளுக்கு முன்னால் மொபெட் ஓட்டினேன். எதிர்க்காற்றை நான் வாங்கிக்கொள்வேன். என் பின்சக்கரத்தை ஒட்டி அவள் சைக்கிள் மிதித்து வருவாள். அந்த வேகத்தில் அவளுக்கு என் முதுகைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஆட்டுப்புழுக்கை கிடந்தால் இடது கையைத் தாழ்த்தி ஆட்டுவேன். கார் நுழையாமலிருக்கப் பாதை நடுவில் நட்டிருக்கும் கட்டைகள் வந்தால், இடுப்புக்குப் பின்னால் விரலை நீட்டி எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டுமென்று காட்டுவேன். ஒருநாளும் தவறியதில்லை.

எனக்கு மனைவி இல்லை, நாய்கூட இல்லை. மீதி மூன்று நாளும் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்ப்பேன். எங்கள் ஊரில் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துக் கையாட்டலாம். என்னை யாரும் பார்ப்பதில்லை.

"யோவ் ஹில்கே, உனக்கு மூஞ்சின்னு ஒண்ணு இருக்கா? எனக்கு உன் முதுகுதான்யா அடையாளம்" என்பாள் ரென்ஸ்கே. எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் தெரியுமா.

போன செப்டம்பரில் சைக்கிள் பந்தயத்தில் உலக சாம்பியன் ஆனாள். நம் டச்சுப் பெண்கள் ஜெயிப்பது புதிதில்லை. ஆனால் உலக சாம்பியனுக்குப் போட்டுவிடும் அந்த வானவில் சட்டை எங்கள் ஊருக்கு வந்தது அதுதான் முதல் தடவை. தெருவெல்லாம் ஆரஞ்சுக் கொடி. பாராட்டு விழா மேடையில் அம்மாவுக்கு நன்றி சொன்னாள், குழுவுக்குச் சொன்னாள். "ஹில்கேயை விட்டுட்டியே!" என்று யாரோ கத்தினார்கள்.

"அட, ஆமா! அந்த மொபெட்டுக்கும் நன்றி!" என்றாள்.

ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மொபெட்டைத் துடைத்து வைத்தேன். வலித்தது, சொல்வதில் என்ன வெட்கம்.

அடுத்த மாதம் வந்து நின்றாள். "ஸ்பெயினுக்குப் போறேன் ஹில்கே. எனக்கு மலை வேணும். இங்க இருக்கிறதுலயே பெரிய ஏத்தம் அந்த ரோட்டுப் பாலம்தான்."

"எப்ப வருவே?"

"வந்தா சொல்லாமலா இருப்பேன்? நாளைக்குக் கடைசியா ஒரு தடவை இழுத்துட்டுப் போ."

மறுநாள் மூன்று மணி. மேற்குக் காற்று. மூன்றாவது கட்டை நெருங்கியபோது கடைசி நொடியில் மொபெட்டை வலப்பக்கம் ஒடித்தேன். நான் அவளைத் தள்ளவில்லை, தொடவில்லை. கை காட்டவில்லை, அவ்வளவுதான். ஒரு காலோ கையோ முறிந்தால் ஒரு வருடம் ஊரில் இருப்பாள் என்று நினைத்தேன். முதுகெலும்பை நான் நினைக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், "தப்பு என்னோடதுதான் ஹில்கே. நீ கை காட்டியிருப்பே. நான்தான் குனிஞ்சிட்டேன்" என்று அழுதாள். பரவாயில்லை என்றேன். மனதார அவளை மன்னித்தேன்.

இப்போது வாரத்தில் ஏழு நாளும், மூன்று மணிக்கு, அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து அதே அணைக்குத் தள்ளிக்கொண்டு போகிறேன். அவள் முன்னால், நான் பின்னால். காற்று அவள் முகத்தில் அடிக்கும். சால்வையை இழுத்துப் போர்த்திவிடுவேன். முன்போல அதிகம் பேசுவதில்லை. ஆனால் எங்கும் போவதுமில்லை.

ஸ்பெயினில் அவள் சேரவிருந்த புதுக் குழு கேட்டதென்று அன்று அவள் சைக்கிளில் ஒரு சின்னக் கேமரா மாட்டியிருந்ததாகச் சொல்கிறீர்கள். என் முதுகும் இரண்டு கைகளும் அதில் தெளிவாக இருக்கின்றன என்கிறீர்கள். இருக்கும். நான் மறுக்கவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள், அதை அவளிடம் மட்டும் காட்டாதீர்கள். பாவம், தாங்கமாட்டாள்.

அவளேதான் கொடுத்தாளா? அவள் அம்மா காரில் ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தாரா?

போன வெள்ளிக்கிழமையா? சனி, ஞாயிறு இரண்டு நாளும் என்னோடு அணைக்கு வந்தாளே. ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

சரி, எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? கொஞ்சம் சீக்கிரம் முடித்துவிடுங்கள், மணி இரண்டரை ஆகிறது. மூன்று மணிக்கு வாசலில் காத்திருப்பாள். என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?