தீர்த்தகிரியாரும் இரண்டு பெட்டி சோப்பும்

முப்பத்து மூன்று ஆண்டுகள் மொரப்பூர் ரயிலடியில் இறங்கி எங்களோடு மூச்சுவாங்க நடந்த சுகாதார ஆய்வாளர் தீர்த்தகிரி அவர்களே! பிளீச்சிங் பவுடர் மணக்கும் சட்டைக்குச் சொந்தக்காரரே! ஏறாத குடிநீர்த் தொட்டி இல்லை எனப் பேர்வாங்கிய பெருந்தகையே! வணக்கம்.

பாராட்டு மடலில் பிழையைச் சொல்வது மரபன்று. ஆயினும் உங்கள் பிழை ஒன்றைத்தான் இன்று சட்டம்போட்டுத் தருகிறோம். உங்கள் முகம் பார்த்துச் சொன்னால் பாதியிலேயே தடுத்துவிடுவீர்கள் என்பதால், யாரோ ஒருவர் கதைபோலவே சொல்கிறோம்.

சென்ற ஆண்டு பொங்கல் விடுமுறை முடிந்ததும் மாணவியர் விடுதி ஒன்றில் ஒன்பது பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. தீர்த்தகிரி தொட்டி நீரைச் சோதித்தார், குறையில்லை. கொரோனா காலத்துப் பழக்கம் லேசில் விடுமா? மிச்சமிருந்த சானிடைசர் புட்டிகளை வாசலுக்கு ஒன்றாக வைத்து, இதுவே போதும் என்று சொல்லிவிட்டு வந்தார். நான்காம் நாள் நாற்பத்தொரு பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். பழி சமையல்கார செல்லியம்மாவின் தலையில் விழுந்தது. அவரை வேலையைவிட்டு அனுப்பக் கூட்டமும் கூடியது.

அன்று காலை ஆய்வக முடிவு வந்திருந்தது. உருமாறி வந்த புதுவகை நோரோ வைரஸ். சானிடைசருக்கு அவ்வளவாக அடங்காதது. சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவினால்தான் கையைவிட்டுப் போவது. செல்லியம்மாவையும் சோதித்திருந்தார்கள், அவரிடம் அது இல்லை. அப்படியானால் ஒன்பது எப்படி நாற்பத்தொன்றாயிற்று, சமையலறை அழுக்குதானே என்றார் விடுதிப் பொறுப்பாளர். ஓய்வுக்கு ஓராண்டே மிச்சமிருந்த மனிதர் எழுந்தார்.

"அந்தம்மா மேல தப்பு இல்லைங்க. சானிடைசரே போதும்னு சொன்னவன் நான்தானுங்க. அப்படியே எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இரண்டு பெட்டி சோப்போடு விடுதிக்குப் போனார். கடைசிப் பிள்ளை தேறும்வரை கழிவறைகளைப் பிளீச்சிங் நீர் ஊற்றித் தாமே கழுவினார். அவரோடு தொட்டி ஏறிய நாட்களெல்லாம் எங்களுக்கு நினைவிருக்கிறது. ஆனால் அவர் கழிவறை கழுவிய அந்த நாட்களை மட்டும் எங்களால் மறக்கவே முடியாது.

ஐயா, அரூர்ச் சந்தைக்கு மிதிவண்டியிலேயே போய்வரும் உடம்போடு நெடுநாள் நிறைவாய் வாழ்க!

அச்சில் இல்லாத இவ்வரிகளைச் சற்றுமுன்தான் கையால் எழுதிச் சேர்த்தோம். இன்றைய விருந்து செல்லியம்மாவின் சமையல். பந்தி வாசலில் சோப்பும் செம்புமாக நின்றவர், உங்களையே மறித்து, "கை கழுவிட்டு உள்ள போங்க சார்" என்றார். நீங்கள் கழுவினீர்கள். முகத்தையும் சேர்த்துக் கழுவியது எதற்கென்று எங்களுக்குத் தெரியும்.

கழுவிய கைகளால் கையொப்பமிடும்,
ஆரம்ப சுகாதார நிலையப் பணியாளர்கள்