குஜராத்துக்கு ஒரு மழை

தீர்த்தமலைக் கோயிலிலிருந்து அரூர் திரும்பும் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த இளம்பெண் கூட வந்த மூத்தவளிடம் சொன்னாள்:

“குஜராத்துல மழ பெய்யணும்னு வேண்டிக்கிட்டேன்க்கா.”

“நம்ம கெணறே காஞ்சு கெடக்குது. குஜராத்துக்கா வேண்டுவ?”

“எங்க வூட்டுக்காரரு அங்கதானே ஒரு கம்பெனில வேல பாக்குறாரு. சோலார் கரண்ட்ட தண்ணில வுட்டு ஹைட்ரஜன் பிரிக்கிறாங்க. அத டேங்க்ல அடச்சு வெச்சா லாரிகூட ஓடுமாம்.”

“அதுக்கு மழ எதுக்கு?”

“வெயில் இருக்கறவரைக்கும் மிஷின் ஓடும், உள்ளார போன் கொண்டுபோகக் கூடாது. ரூமுக்கு வந்தா அசந்து தூங்கிருவாரு. மேகம் போட்டாத்தான் மிஷின் நிக்கும். அன்னிக்குத்தான் ஆசையா நாலு வார்த்த பேசுவாரு.”

மூத்தவள் ஜன்னல் வழியே வாடிக் கிடந்த மரவள்ளிக் காட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“சரி, மொதல்ல அங்கயே பெய்யட்டும்.”